ஆயுத பூசையன்று காணாமல் போன நகல்கள்

மண்ணெண்ணெயில் நனைத்த கழிவுப் பஞ்சால் இரும்பைத் தேய்க்கும் வாசனை வந்தால் எனக்கு இன்றும் அந்த ஒரு பூசை நாள்தான் நினைவுக்கு வரும். ஆயுத பூசைக்கு முன்னால் ராஜபாளையமே அந்த வாசனையில்தான் கிடக்கும். தறி, லாரி, தையல் மெஷின், சைக்கிள் கடைப் பம்பு என்று எல்லாம் குளித்துத் துவட்டிக்கொண்டு நிற்கும்.

நான் வேலை பார்ப்பது காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற ஆலையில். கணினிகள் என் பொறுப்பு. எனக்குத் துடைக்க இரும்பு கிடையாது. ஒரு சர்வர் இருக்கிறது. அதற்குள் உடம்பில்லாத கணினிகள் சில குடித்தனம் நடத்துகின்றன. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அவற்றில் ஒன்றின் வேலை, மற்றவற்றை ராத்திரிதோறும் நகலெடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் இருக்கும் பேக்கப் பெட்டிக்கு அனுப்புவது. இங்கே என்ன ஆனாலும் நகல் அடுத்த ஊரில் பிழைத்துக் கிடக்கட்டும் என்ற ஏற்பாடு. எல்லாரும் எதையாவது தேய்க்கும்போது சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு மனசு வரவில்லை. பூசையன்று காலையில், நகலெடுக்கும் கணினிக்குப் புது வெர்ஷன் ஏற்றினேன்.

'வெற்றிகரமாக முடிந்தது' என்றது திரை. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஒரு நகல்கூட இல்லை. என்ன நடந்தது என்று கணினி தனக்குத்தானே எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். அதில் அப்கிரேடு பாதியில் நின்றுவிட்டதாக இருந்தது. வாசலில் வெற்றி, அடுக்களையில் அழுகை. எதை நம்ப?

அப்போதுதான் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவள் வந்தாள். என்னைவிட இளையவள். நெற்றியில் பூசைக் குங்குமம் ஈரமாக இருந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீக. பூசைக்குன்னு கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணேன். ரெண்டு ஃபோல்டர் ஒரே மாதிரி கெடந்துச்சு. ஒண்ணு பழசுன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

அழிந்தது இந்த வருடத்துத் துணிகளின் சோதனை முடிவுகள் முழுவதும். லீவு முடிந்த மறுநாள் காலையில், துணி வாங்குகிறவர்கள் அனுப்பும் பரிசோதகர்கள் வருகிறார்கள்.

"கையெழுத்துப் போட்டது நானு. காணும்னு சொன்னா, துணியச் சோதிக்கவே இல்லன்னுதான் எழுதிட்டுப் போவாக. பொறவு எனக்கு இங்கன என்ன வேலை? பேக்கப்புல இருக்கும்லண்ணே?"

"இருக்கும்," என்றது என் வாய்.

அப்கிரேடுக்கு முன் இருந்த நிலையைத் தனியாகப் பிடித்து வைத்திருந்தேன். அதற்கே திரும்பிப் போனேன். பழைய வெர்ஷன் வந்தது. அதுவும் வெறுமை. இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. புதுசு மறந்தால் புதுசைத் திட்டலாம். பழசும் மறந்தால் யாரைத் திட்ட? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெட்டியின் நெட்வொர்க் முகவரிக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. ஆள் இருக்கிறது. நகல்களைக் கேட்டால் மட்டும் பேச்சில்லை. வீட்டுக்குள் இருமல் சத்தம் கேட்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்கிற மாதிரி.

கிளைக்குப் போன் போட்டேன். எடுப்பாரில்லை. என் பைக்கும் அவள் ஸ்கூட்டருமாகக் கிளம்பினோம். வாழைக்கன்று கட்டிய பஸ்கள் எதிரே ஆடி ஆடி வந்தன. இடது பக்கம் மலை, பாதி மேகத்துக்குள். வழியெல்லாம் ஒரே கேள்வி: உயிரோடு இருப்பது ஏன் ஊமையாக இருக்கிறது?

கிளையில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பொரியை அள்ளி அள்ளிப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி இருக்க வேண்டிய அலமாரித் தட்டு காலி. திரும்பினால், கத்தரிக்கோலுக்கும் தராசுக்கும் நடுவே, சந்தனமும் குங்குமமும் செவ்வந்திச் சரமுமாகப் பூசை மேசையில் வீற்றிருந்தது என் பேக்கப் பெட்டி. வயர் சுருண்டு தரையில் கிடந்தது.

"அக்கா, இது எப்ப இங்க ஏறுச்சு?"

"காலையிலதான். இந்த ஆபீசுலயே முக்கியமான மெஷின் இதுதான்னு நீங்கதான தம்பி சொன்னீக? அத விட்டுட்டு கத்தரிக்கோலை மட்டும் வச்சா நல்லாவா இருக்கும்?"

சரி. அப்படியானால் காலையிலிருந்து எனக்குப் பதில் சொன்னது யார்? தேடிப் பார்த்தால் வாசல் கேமரா. எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்துத் திரும்பப் போட்டபோது, பெட்டியின் முகவரி சும்மா இருக்கிறதே என்று, முகவரி பங்கிடும் ரூட்டர் அதைத் தூக்கிக் கேமராவுக்குக் கொடுத்திருக்கிறது. அதுவும் கூப்பிட்டதற்கெல்லாம் மரியாதையாக 'ம்' கொட்டியிருக்கிறது.

"இப்பமே எடுத்து மாட்டிரலாம்லக்கா?" என்றாள் சோதனைக்கூடத்துக்காரி.

"ஏட்டி, வெளாடுதியா? நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும். புஸ்தகத்தப் பூசையில வச்சிட்டு அன்னைக்கே யாராச்சும் படிப்பாகளா?"

"நாளைக்கு நீங்க இருப்பீகளா?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் கூமாப்பட்டிக்கு மக வீட்டுக்குப் போறேன். போறதுக்கு முந்தி விடிய்ய வந்து தூவத்தக் காட்டி எடுத்து வச்சிட்டு, பூட்டிட்டுப் போயிருவேன்." நகல்கள் வந்து சேர அரைநாள் ஆகும்; நடுவில் ஏதாவது முட்டினால் கதவு பூட்டியிருக்கும்.

அவள் வாதாடவில்லை. துணிக்கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து முந்தானை நுனியைத் திருகினாள். "வேலை போயிரும்க்கா," என்றாள், தரையிடம் சொல்வதுபோல.

அக்கா அவளைப் பார்த்தார். பொரிக் கையை உதறினார். புதுசாக ஒரு சூடம் எடுத்து வைத்தார். "எல்லாத்துக்கும் முடியாது. இதுக்கு மட்டும் இப்பமே மறுபூசை போட்டுருதேன். சரஸ்வதி கோவிச்சா தம்பிதான் பதில் சொல்லணும்." தீபத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, பூசை முடிந்ததற்கு அடையாளமாகப் பெட்டியை ஒரு விரல் அகலம் வடக்கே நகர்த்தினார். "ம், தூக்குங்க."

கேமராவைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மாட்டினேன். லேப்டாப் வழியாக ஆலைக்குள் நுழைந்து பார்த்தால், பழைய வெர்ஷனில் நகல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. பொழுது சாயும்போது அவள் கோப்புகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, தன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து மூடினாள். அன்று காலை அவள் ஏற்றிய இரண்டு துணிகளின் முடிவு மட்டும் இல்லை. அது முந்தின ராத்திரி நகலுக்குப் பிந்தியது.

"மாதிரித் துணி எடுத்து வச்சிருக்கேன்ணே. மறுபடி சோதிச்சிருவேன். ஆனா எங்க தராசும் பூசையிலதான் இருக்கு."

"உங்க ஆலையில ஒருத்தருக்கும் பொறுமை கெடையாதுடி," என்று அக்கா எங்கள் இரண்டு பேர் கையிலும் பொரிப் பொட்டலத்தைத் திணித்தார்.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெட்டியைக் காணாமல்தான் அப்கிரேடு பாதியில் நின்றதா, பெட்டி இருந்திருந்தாலும் வேறெங்காவது முட்டிக்கொண்டு நின்றிருக்குமா? சந்தனம் உள்ளே சொட்டியிருந்தால்? மறுபடி ஏற்றிப் பார்த்தால் தெரியும். ஏற்றிப் பார்க்கத்தான் கை வரவில்லை. பழைய வெர்ஷன் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் 'வெற்றி' என்று எது வந்தாலும் நான் அதன் முதுகுப் பக்கம் போய்ப் பார்க்கிறேன்.

அன்று கிளை வாசலில் அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

"நாளைக்குத் தராசுக்கு மறுபூசை முடிஞ்சதும் அந்த ரெண்டையும் போட்டுட்டுக் கூப்பிடுதேன். லீவுன்னு படுத்துறாம போன எடுங்கண்ணே."

"எடுக்கேன்."

"நெசமா?"

"எடுக்கேன்மா. பாத்துப் போ."