எலிகளின் இரவில் நீண்ட கை

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். கதை கட்டிப் பெயர் எடுக்கும் தேவை எனக்கு இல்லை. இது எனக்கு நடந்தது. அதுவும் நடுப்பகலில், வெளியே கொழும்பு காலி வீதியில் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது.

வெள்ளவத்தையிலிருந்து நான் தினமும் போகும் ஆய்வுகூடத்தில் எலிகளின் மூளையைப் படிக்கிறோம். எலி இரவில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அதனால் ஓர் அறையில் பகலை இரவாக்கி வைத்திருக்கிறோம். ஜன்னல் இல்லை. எலிக்குத் தெரியாத மங்கல் சிவப்பு விளக்கு மட்டும்; அதில் ஆள் முகம் தெரியாது. உள்ளே கதைக்கக் கூடாது, எலிகள் மிரளும். என்னோடு வேலை செய்யும் ஸைத் கூட்டை எடுத்து நீட்டுவார், நான் வாங்குவேன். அவ்வளவுதான்.

நோய் தராத வைரஸ் ஒன்றை எலியின் மூளைக்குள் ஊசியால் விடுவோம். குறித்த ஒரு நாளில் எலி எதை அனுபவிக்கிறதோ, அந்த நினைவைத் தாங்கும் மூளைக் கலங்களை அது ஒளிக்கு விழிக்க வைத்துவிடும். பிறகு மெல்லிய இழை வழியாக நீல ஒளி விட்டால் அந்த நாள் எலிக்குத் திரும்பி வரும். அன்று கரண்ட் அடி வாங்கிய எலி பயத்தில் உறையும். சும்மா பெட்டிக்குள் உலாவிய எலி சும்மாவே உலாவும். உலாவ வேண்டும். என் ஒன்றரை வருடப் பட்டப்படிப்பு அதில்தான் நின்றது.

சும்மா எலிகளைப் பெட்டியில் விட்ட அன்று எனக்கு ஒரே எரிச்சல். கூட்டை வாங்கும்போது நீட்டிய கையின் விரல் பட்டது. வெறும் விரல். கையுறை போடாவிட்டால் என்னைக் கிழி கிழி என்று கிழிக்கிறவர் ஸைத்! விரல் சில்லென்று இருந்தது. ஏசி என்று நினைத்தேன். பிறகு மறந்தும் போனேன்.

போன கிழமை, தனியாக இருந்து அந்தச் சும்மா எலிகளுக்கு நீல ஒளி விட்டேன்.

முதல் எலி உறைந்தது.

சீ, தற்செயல் என்றேன்.

இரண்டாவது... உறைந்தது. மூன்றாவதும்.

மூன்றும் ஒரே பக்கம் பார்த்தன. கூடுகள் அடுக்கிய தட்டுப் பக்கம்.

அங்கே யாரும் இல்லை.

கிர்ர்ர்...

தட்டில் ஒரு கூடு நகர்ந்தது.

ஒளியை நிறுத்தினேன். எலி இன்னும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது...

ஓடி வந்துவிட்டேன்.

பேராசிரியர் சரோஜினிதேவி முகத்தைச் சுளித்தார்.

"கூடு மாறிப்போச்சு, நிஷாந்தினி. கரண்ட் குடுத்த எலிகளை இதோட கலந்துட்டீர்."

"சத்தியமா இல்லை மேடம்! நான் தட்டுப் பக்கம் போகவே இல்லை. பெட்டியில விட்ட அண்டைக்கு ஸைத்தான் ஒவ்வொண்டா எடுத்துத் தந்தவர்."

மேடம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஸைத் அண்டைக்கு லீவெல்லோ. தன்ர உம்மாவை ஆஸ்பத்திரியில விட்டிருந்தவர். நீர் தனியத்தான் செய்தனீர் எண்டு நினைச்சனான்."

உடனே ஸைத்துக்குப் போன் எடுத்தேன்.

"அண்டைக்கு நான் வரல்லயே. ஏன், என்ன நடந்த?"

ஒன்றுமில்லை என்று போனை வைத்தேன்.

நாளைக்குப் புது எலிகளோடு திரும்பச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் இல்லை. ஸைத் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வருவார். இருட்டில் ஒரு கை கூட்டை நீட்டும். அது ஸைத்தின் கைதானா என்று நான் கேட்க முடியாது.

உள்ளே கதைக்கக் கூடாது.