மூன்றாவது சந்துக்கு முப்பது வினாடி

ஒரு மனிதர் தன் கண்களையே சந்தேகப்படும்படி செய்தேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்டவை ஒரு கேமரா, ஒரு ட்ரைபாட், கையில் பிடிக்கும் ஒரு ஸ்பாட் மீட்டர், முப்பது வினாடி. எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் இயற்பியல் படித்தவன். பதினோரு ஆண்டுகள் ஒரு கல்லூரியில் ஒளியியல் நடத்திவிட்டு, வேலையை உதறி, தொழிற்சாலைகளுக்குப் படம் எடுக்கப் போனேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே புதிய கூரைகள் எழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு கூரைக்கும் ஒரு பளபளப்பான கையேடும் ஒரு காலண்டரும் தேவைப்பட்டன. அவற்றை ஸ்லைடு ஃபிலிமில் எடுப்போம். ஸ்லைடில் வெளிச்சக் கணக்கு அரைப் படி பிசகினாலும் படம் குப்பைக்குப் போகும். அதனால் ஸ்பாட் மீட்டர் இல்லாமல் நான் எங்கும் போனதில்லை.

பார்க்க அது கைத்துப்பாக்கி போல இருக்கும். கண்ணில் வைத்தால் எதிரே உள்ள காட்சியின் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அந்த வட்டத்துக்குள் விழும் இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அது அளக்கும். விசையை அழுத்தினால் உள்ளே ஓர் எண் ஒளிரும். எண் ஒன்று கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்தில் பதிய ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற கணக்கைத்தான் சொல்லும். கரியைக் காட்டினாலும் சாம்பல். சுண்ணாம்புச் சுவரைக் காட்டினாலும் சாம்பல். கரி கரியாகவே வர வேண்டுமென்றால், அது சொல்லும் நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் கொடுக்க வேண்டும். இதை முடிவு செய்வது மீட்டர் அல்ல, அதைப் பிடித்திருப்பவன்.

சுங்குவார்சத்திரத்துக்கு அருகே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. அதன் ஸ்டோர்ஸ் ஒரு பெரிய கொட்டகை. இரும்பு ரேக்குகளுக்கு நடுவே நான்கு சந்துகள். ஒரு நாள் பிற்பகல், வெளி முற்றத்திலிருந்து சரக்கு தூக்கிக்கொண்டு உள்ளே வந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி, மூன்றாவது சந்தில் குனிந்து பெட்டி எண்ணிக்கொண்டிருந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை ரேக்கோடு சேர்த்து நசுக்கிவிட்டது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்துவிட்டார்.

வண்டியை ஓட்டியவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். தொழிற்சாலை நின்ற இடத்தில் அவர் குடும்பத்துக்கும் முன்பு நிலம் இருந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்தது அந்த வேலை. அந்தச் சந்தில் டியூப்லைட்டுகள் எரிந்து பல மாதம் ஆகிவிட்டது, வெயிலிலிருந்து உள்ளே திரும்பியதும் ஒன்றும் தெரியவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அது உண்மையென்றால் தவறு நிர்வாகத்துடையது. பொய்யென்றால் அவருடையது, வேலை போகும், ஓர் உயிர் போனதற்கு அவரே பொறுப்பு என்று எழுத்தில் பதியப்படும்.

மனிதவள அதிகாரி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். முந்தைய இரண்டு ஆண்டும் அவருக்குக் காலண்டர் செய்துகொடுத்தவன் நான்.

"சார், அந்த ஸ்பாட்டை அப்படியே எடுக்கணும். ஃப்ளாஷ் வேணாம், எக்ஸ்ட்ரா லைட் வேணாம். ஒரு பல்பைக்கூட நாங்க மாத்தல. இருக்கற வெளிச்சத்துல, எல்லாம் தெளிவா வரணும். உங்களால முடியும்னு எனக்குத் தெரியும்."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு உள்ளே போனேன். சந்துக்குள் ஐந்தடி வைத்திருப்பேன். தரையில் கிடந்த பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு, முழங்காலில் இடித்து நான் குப்புற விழப் போனேன். ஒரு கை என் தோளைப் பிடித்து நிறுத்தியது. இன்னொரு கை ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டது.

"பாத்து சார். இங்க பலகை கீது."

அந்த ஓட்டுநர்தான். அதிகாரியோடு கூட நிற்கும்படி அவரை வரச் சொல்லியிருந்தார்கள். நான் நன்றி சொல்லவில்லை. பேண்ட்டைத் தட்டிவிட்டு மீட்டரை எடுத்தேன்.

"இன்னா சார் இது, துப்பாக்கி மாரி கீது?"

"வெளிச்சத்தை அளக்கறது."

அவர் முகம் மாறியது. "அப்டியா சார்! அப்ப அதுல தெரிஞ்சிருமே. கொஞ்சம் காமிங்க சார்."

அவரிடம் கொடுத்தேன். பெருந்தன்மையால் அல்ல; அதை அவர் எப்படிப் பிடிப்பார் என்று பார்த்துச் சிரிக்கலாம் என்று. அவர் சரியாகப் பிடித்தார். தொழிலாளி நின்ற இடத்துத் தரையைப் பார்த்து விசையை அழுத்தினார்.

"ரெண்டுன்னு வருது சார்."

பிறகு திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக முற்றத்து வெயிலைப் பார்த்தார்.

"பதினஞ்சு. சார், வெளிய பதினஞ்சு, உள்ள ரெண்டு. எவ்ளோ வித்தியாசம் சார் இது?"

எட்டாயிரம் மடங்குக்கும் மேல். வகுப்பில் நான் மாணவர்களைக் கேட்கும் கேள்வி அது. ஒருவரும் தானாக அதை என்னிடம் கேட்டதில்லை. இவர் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது.

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதுப்பா. குடு."

என்னைவிட ஏழெட்டு வயதுதான் இளையவர். 'நீ' என்றுதான் பேசினேன்.

நான் கேமராவைப் பொருத்தும்போது அவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், ஒண்ணே ஒண்ணு. இருட்டு இருட்டாவே வரணும் சார் படத்துல. என் கண்ணுக்கு எப்டி இருந்துச்சோ அப்டி."

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்று அவரை, இன்று என்னை. ஒளிப்படக் கலையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் என்னிடம் கேட்டுவிட்டார். அதற்கு விடை எனக்குத் தெரியும். ஷட்டரை மூன்று வினாடி திறந்தால் இருட்டு இருட்டாகவே வரும்.

"எனக்கே கிளாஸ் எடுக்கறியா?" என்றேன். அதிகாரி சிரித்தார். நான் மேலும் சொன்னேன்: "போய் உன் வண்டிய ஒழுங்கா ஓட்டு. ஓ, இப்ப ஓட்ட விடமாட்டாங்க இல்ல?"

ஓட்டுநர் நகர்ந்து நின்றுகொண்டார்.

வெயில் படச் சட்டத்துக்குள் வராதபடி கேமராவைத் திருப்பினேன். தரையை அளந்தேன். இரண்டு. மீட்டரின் கணக்குப்படி பதினாறு வினாடி. நீண்ட நேரம் திறந்தால் ஃபிலிம் சோம்பி, வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும். அதற்கும் சேர்த்து முப்பது. ஷட்டரைத் திறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பத்தாவது வினாடியில் ஸ்டோர்கீப்பர் ஒருவர், படம் எடுப்பது தெரியாமல், கையில் காகிதத்தோடு சந்தின் குறுக்கே நடந்து போனார். நான் நிறுத்தவில்லை. நிற்காமல் நடப்பவர் முப்பது வினாடிப் படத்தில் பதியமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

படம் அழகாக வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், என் தொழில் வாழ்க்கையின் நல்ல படங்களில் அது ஒன்று. தரையின் மஞ்சள் கோடு, பெட்டிகளில் ஒட்டிய சீட்டு, என்னைத் தடுக்கிவிட்ட பேலட்டின் ஆணிகள்கூட எண்ணும்படி தெரிந்தன. ஆளில்லாத, வெளிச்சமான ஒரு சந்து.

உள்விசாரணை ஒரு குளிர்சாதன அறையில் நடந்தது. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்தியிருந்தார்கள். பெரிதாக்கிய பிரதி மேசையில் இருந்தது. வழக்கறிஞர் என்னைக் கேட்டார்.

"ஃப்ளாஷ் போட்டீங்களா?"

"இல்லை."

"வேற ஏதாவது விளக்கு?"

"இல்லை. அங்கிருந்த வெளிச்சம் மட்டும்தான்."

"படத்துல அப்புறம் ஏதாவது திருத்தினீங்களா?"

"ஒன்றும் இல்லை."

எல்லாம் உண்மை. எத்தனை வினாடி என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை.

ஓட்டுநர் எழுந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. "ஐயா, சார்கிட்ட ஒரு மிஷின் கீது. அதுல நானே பாத்தேன். வெளிய பதினஞ்சு, உள்ள ரெண்டு. அதக் கேளுங்க ஐயா."

"அது இன்னாய்யா, பஸ் நம்பரா?" என்றார் ஓரத்தில் இருந்த சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள். வழக்கறிஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அப்போதும் நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் போதும்.

"அது கேமராவில் வைக்கும் கணக்கு," என்றேன். "மனிதக் கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் தெரியாமல் பேசுகிறார்."

"சார்," என்றார் அவர். கோபமாக இல்லை, ஞாபகப்படுத்துவது போல. "நீங்களே தடுக்கி வுழுந்தீங்களே சார். நான்தான புடிச்சேன்."

"ட்ரைபாட் கால் மாட்டிக்கொண்டது," என்றேன்.

வழக்கறிஞர் பிரதியை அவர் பக்கம் தள்ளினார். "நீயே பாருப்பா. இதுல ஆள் நின்னா தெரியாதா?"

அவர் வெகுநேரம் பார்த்தார். விரலால் அந்த மஞ்சள் கோட்டைத் தடவினார். முதலில் அவர் முகத்தில் இருந்தது மறுப்பு. பிறகு மெல்ல அது போய்விட்டது. படத்தைப் பார்த்து அவர் நம்பத் தொடங்கியதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

"தெரியும் ஐயா," என்றார்.

வேலை போயிற்று. அடுத்த ஆண்டுக் காலண்டரையும் நானே செய்தேன். விபத்து நடந்த வாரமே, என் படம் கழுவி வந்த பிறகு, மூன்றாவது சந்தில் புது டியூப்லைட்டுகள் மாட்டிவிட்டிருந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்துப் படப்பையில் ஒரு மனைப்பிரிவு விளம்பரத்துக்காகப் படம் எடுக்கப் போனேன். உச்சி வெயில். கல் நட்ட வெட்டவெளி. ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய அலுவலகம். காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து சலாம் வைத்தார். அவர்தான். கையில் நான்கு பேட்டரி போடும் நீள டார்ச்.

"நல்லாகீறீங்களா சார்?"

என்னை வெறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அப்புறம் வண்டி ஓட்டலயா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். கூப்டாங்க. நான் போவல." சற்று நேரம் டார்ச்சை உருட்டிக்கொண்டிருந்தார். "கண்ணு டாக்டர்கிட்ட போனேன் சார். குன்றத்தூர்ல ஒருத்தர், அப்புறம் எழும்பூர்ல பெரியாஸ்பத்திரி. ரெண்டு பேரும் கண்ணு நல்லாத்தான் கீதுன்னுட்டாங்க. எழுத்தெல்லாம் கடைசி வரி வரிக்கும் படிச்சேன். கண்ணாடிகூட வேணாம்னாங்க."

நான் தோள்பையைச் சரிசெய்துகொண்டேன்.

"கண்ணு நல்லாகீது. எடமும் வெளிச்சமாகீது. அப்போ எனுக்கு மட்டும் ஏன் சார் இருட்டா இருந்துச்சு? வூட்ல, மனசுல இன்னாவோ கோளாறுன்னு வேலூருக்கு இட்டுகினு போயி மந்திரிச்சு கயிறெல்லாம் கட்னாங்க." வலது கையைக் காட்டினார். கறுப்புக் கயிறு. "நீங்க படிச்சவரு. உங்கள ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு உங்க கண்ணுக்கு நெசமாவே நல்லா தெரிஞ்சுதா சார்?"

அங்கே வேறு யாரும் இல்லை. அதிகாரி இல்லை, வழக்கறிஞர் இல்லை, காலண்டர் இல்லை. அந்தக் கம்பெனியோடு என் உறவும் அதற்குள் முடிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. மீட்டர் என் தோள்பையில் இருந்தது. அதை எடுத்து, தகரக் கூரையின் அடியில் ஓர் இருண்ட மூலையைக் காட்டி, இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். அவருக்குப் புரிந்திருக்கும். எனக்கு முன்பே புரிந்துகொண்டவர் அவர்.

ஆனால் விளக்கினால், முப்பது வினாடி என்ற எண்ணை அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் என்னைப் பார்க்கும் விதம் மாறும். எனக்கு நாற்காலி துடைத்துப் போட்டவர் அவர்.

"நல்லாத்தான் தெரிஞ்சுது," என்றேன்.

அவர் தலையாட்டினார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பதில் கிடைத்த மாதிரி, "சரி சார், அப்ப நான்தான்," என்றார்.

மனைப்பிரிவின் வரைபடம் உள்ளே சுவரில் இருந்தது. அதைப் பார்க்க எழுந்தேன். அவர் எனக்கு முன்னால் போனார். கதவு அகலத் திறந்திருந்தது. வெயில் அறைக்குள் பாதிவரை விழுந்திருந்தது. அவர் வாசலில் நின்று டார்ச்சைப் போட்டார். படி, தரை, நாற்காலிக்குப் பின்புறம், மேசைக்கு அடி என்று ஒவ்வொரு இடமாக ஒளியை நிறுத்தி, குனிந்து பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் காலை உள்ளே வைத்தார். பிறகு திரும்பி, அந்த ஒளியை என் காலடியில் பிடித்தார்.

"வாங்க சார். பாத்து."

நான் அந்த ஒளியில் நடந்து உள்ளே போனேன்.