வாப்பா வரும் விமானமும் வீட்டின் காபன் கணக்கும்

இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு நான்கு நாட்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்தேன். போன காரணம் கொஞ்சம் விசித்திரமானது. நான் வெள்ளவத்தையில் இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். ஒரு வீடு வருடத்துக்கு எவ்வளவு காபனைக் காற்றில் கலக்கிறது என்று கணக்கிடும் கைபேசிச் செயலி ஒன்றைத் தமிழில் ஆக்கித் தரும்படி சிறிய சூழல் குழு ஒன்று கேட்டிருந்தது. கரண்ட் பில், காஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள், விமானப் பயணம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் எது எவ்வளவு என்று பட்டைகளாக வரைந்து காட்டும். பள்ளிக்கூடப் பாடத்தில் ‘காபன் அடிச்சுவடு’ என்று வருவது இதுதான். வேலை முடிந்ததும், வீடுகளுக்குப் போய் ஆட்களுக்கு விளங்குகிறதா என்று பார்த்து வரச் சொல்லி வழிச்செலவும் தந்தார்கள். வாவியைப் பார்க்க எனக்கு இப்படியொரு சாட்டு கிடைத்ததற்கு அவர்களுக்கு நன்றி.

கோட்டையில் காலை ஆறு மணிக்குப் பிறகு புறப்பட்ட ரயில் பின்னேரம் மூன்றரைக்கு மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. வாழைச்சேனை தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை வயல். ஜன்னலோரம் இருந்தபடி என் பயணத்தையே செயலியில் போட்டுப் பார்த்தேன். ரயில் ஒரு மெல்லிய கோடாக வந்தது. அதே தூரத்தைத் தனியாக வாடகைக் காரில் வந்ததாகப் போட்டதும் பட்டை பல மடங்கு உயர்ந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்கவில்லை.

நகரில் வாவியைப் பார்த்தபடி ஒரு சிறிய விடுதி. காலைச் சாப்பாட்டோடு நாளுக்கு 4,500 ரூபாய். அடுத்த நாள் காலை ஏழு மணிக்குத் தவராசா என்பவரின் ஓட்டோவில் உன்னிச்சைக்குப் புறப்பட்டேன். ஏறத்தாழ 25 கிலோமீற்றர். போய், நின்று, திரும்பி வர 6,000 ரூபாய் பேசிக்கொண்டோம். குளத்துக்குக் கிட்ட ஒரு விவசாயக் குடும்பம் எங்களுக்காகக் காத்திருந்தது. செயலி கார் இருக்கிறதா என்று கேட்டது. இல்லை. மோட்டார் சைக்கிள் இருக்கிறதா? இருக்கிறது. வாசலில் நின்ற லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தை மட்டும் அது கேட்கவே இல்லை. வட்டைக்கு, அதாவது வயலுக்கு, உழப்போவதும் அதுதான், அறுவடையில் அந்தத் தெருவின் நெல்லை எல்லாம் ஏற்றி வருவதும் அதுதான். அடித்த டீசலை யாருடைய கணக்கில் போடுவது என்று கணவனும் மனைவியும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். எனக்கும் தெரியவில்லை. குறித்துக்கொண்டேன். எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள்.

அன்று பின்னேரம் காத்தான்குடி. நகரிலிருந்து தெற்கே ஆறு கிலோமீற்றர்தான். நடு வீதியில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும். என்னோடு முன்பு வேலை செய்த தோழியின் தங்கை ரிப்காவின் வீட்டுக்குப் போனேன். ரிப்கா பாலர் பாடசாலை ஆசிரியை. கணவர் பளீல் தோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் மேற்பார்வையாளர். அவர்களுக்கு ஒரே மகள், அஸ்மா, ஒன்பதாம் வகுப்பு. செயலியை என்னிடமிருந்து வாங்கி, எல்லாப் பதில்களையும் போட்டது அஸ்மாதான். கரண்ட் பில்லில் ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டைத்தான் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அலுமாரிக்கு மேலிருந்த பில்களை எல்லாம் இறக்கிக்கொண்டு வந்தாள். விமானப் பயணம் என்ற இடத்தில், வாப்பா வருடத்துக்கு இரண்டு தரம் வருவதைப் போட்டாள்.

பட்டைகள் வந்தன. மின்சாரம், காஸ், மோட்டார் சைக்கிள் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாலும் விமானத்தின் பட்டைக்கு எட்டவில்லை. அதன் மேல் சிவப்பில் ஒரு வரி: ‘முதலில் இதைக் குறையுங்கள்.’ அந்தத் தமிழ் என்னுடையது. அஸ்மா அதை இரண்டு தரம் வாசித்தாள். போனைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனாள். பிள்ளைக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். ரிப்கா தந்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாளும் தவராசாவின் ஓட்டோதான், களுவாஞ்சிக்குடிப் பக்கம் இரண்டு வீடுகள். அவை முடிந்ததும் குருமண்வெளித் துறைக்குப் போனோம். வாவியைக் கடந்து மண்டூருக்குப் போக இங்கே மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு மிதவை ஓடுகிறது. ‘பாதை’ என்றுதான் அதைச் சொல்கிறார்கள். அதில் போக வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பாதை கரைக்கு வந்துகொண்டிருந்தபோது ரிப்காவின் அழைப்பு.

“அக்கா, அஸ்மா வாப்பாவுக்கு வரவேணாம் எண்டு வொய்ஸ் அனுப்பிட்டாள். அவரும் சரியெண்டுட்டாரு. ஒருக்கா வந்திட்டுப் போகேலுமா?”

நோன்புக்கு வருவதாக இருந்தவர் பளீல். லீவை விட்டுக்கொடுப்பவர்களுக்கு மேலதிகச் சம்பளம் தருவதாகக் கம்பனியில் சொல்லியிருந்தார்கள். போவதா நிற்பதா என்று அவர் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் மகளின் குரல் போயிருக்கிறது: நீங்கள் வந்து போவதில்தான் எங்கள் வீட்டில் ஆகக் கூடிய புகை, இந்த முறை வராவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் அவர் கம்பனிக்கு முடிவைச் சொல்ல வேண்டும். மகளோ காலையிலிருந்து சாப்பிடவில்லை.

தவராசாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வந்துகொண்டிருந்த பாதையைத் திரும்பிப் பார்த்தேன். தவராசா ஓட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

“பாதை நாளைக்கும் ஓடும் மிஸ். ஏறுங்க.”

காத்தான்குடிக்கு வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. வழியெல்லாம் அந்தச் சிவப்பு வரிதான் கண்ணுக்குள் நின்றது. அஸ்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுடைய கண் வீங்கியிருந்தது.

“அதுல முதல்ல இதக் குறையுங்க எண்டுதானே இரிக்கி. எங்கட ஊட்டுல அது வாப்பா வாறதுதான்” என்றாள்.

கணக்குப் பிழை என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கு சரி. அந்த வயதுப் பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“கணக்கு சரிதான் அஸ்மா” என்றேன். “ஆனா எது கூட எண்டு காட்டத்தான் அதுக்குத் தெரியும். எதை விடலாம், எதை விடேலாது எண்டு இந்த வீட்டு ஆக்கள்தான் சொல்ல வேணும்.”

ரிப்கா பளீலை வீடியோவில் எடுத்தார். வேலையிடத்துச் சீருடையோடு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றார். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பிள்ளைக்குத் தான் வருவது பாரமாகிவிட்டதோ என்று இரவெல்லாம் யோசித்ததாகச் சொன்னார். அஸ்மா தாயின் தோளுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். “பேசன்கா புள்ள, வாப்பாவோட” என்று ரிப்கா அவளை முன்னால் இழுத்தார்.

பிறகு பளீல் சொன்னார்: “ரெண்டு லீவையும் ஒண்டாக் கேக்கேலும். நோன்புக்கு வந்தா பெருநாளும் கழிஞ்சு, ஒரு மாசம் நிக்கலாம். ஆனா பிறகு அந்த வருசம் வரமாட்டன். புள்ள தாங்குமா எண்டுதான் இதுவரைக்கும் கேக்கல்ல.”

அஸ்மா போனைக் கையில் வாங்கினாள். “ரெண்டு தரம் அழுது அனுப்புறதுக்கு, ஒரு தரம் அழுதாக் காணும் வாப்பா.”

அந்தப் பக்கம் படம் ஆடியது. போனை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். அஸ்மா எழுந்து குசினிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கும் ஒரு பீங்கான். பாரை மீன் ஆணமும் கீரைச் சுண்டலும். அவ்வளவு ருசியாக நான் வெகுநாளாகச் சாப்பிட்டதில்லை.

கொழும்புக்குத் திரும்பும் ரயிலில் இருந்தபோது ரிப்காவின் செய்தி வந்தது. கம்பனி சம்மதித்துவிட்டது. இருக்கையில் சாய்ந்து, கண்ணை மூடி, நன்றி சொன்னேன். யாருக்கு என்று யோசிக்கவில்லை. குழுவினரிடம் நடந்ததைச் சொன்னபோது, ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தச் சிவப்பு வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே ‘இங்கே ஆகக் கூட’ என்று மட்டும் இருக்கிறது. அதன் கீழே, ‘இதில் உங்களால் எதை மாற்ற முடியும்?’

இதைப் போன்ற செயலிகளைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இலங்கை அதில் இல்லாவிட்டால் பக்கத்து நாட்டைத் தெரிவு செய்யாதீர்கள். மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு, கணக்கும் மாறிவிடும். விமானம் என்றால் ஒரு வழியா, போய் வருவதா என்று பார்த்துப் போடுங்கள். நான் பார்த்த வீடுகளில் பிழை அதிகம் வந்தது அங்கேதான். வரும் தொகை முழு வீட்டுக்கா, ஒரு ஆளுக்கா என்பதையும் கவனியுங்கள். கடைசியாக, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது செய்யுங்கள். தூரத்தில் இருப்பவரையும் போனில் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். வாவிக்கரைக்குப் போகிறவர்களுக்கு: மார்கழி மழை ஓய்ந்த பிறகு போவது நல்லது. குருமண்வெளிப் பாதையில் நான் இன்னும் ஏறவில்லை, ஏறியவர்கள் எழுதுங்கள்.

பளீல் நோன்புக்கு வந்தார். போன கிழமை அஸ்மாவிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி. பின்னால் யாரோ பலமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா, வாப்பா வந்தபொறகு ஊட்டுல ஃபேன் நிக்கிறதே இல்ல. கரண்ட் பில் கூடிட்டு. அதையும் கணக்குல போடவா?”

போடுங்கள் என்று பதில் அனுப்பினேன். ஒரு யூனிட் விடாமல் போடுங்கள்.