பிடுங்கிய டேட்டா கார்டு

அப்போது மாதாப்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தில், லேப்டாப்பில் செருகி இணையம் பார்க்கிற டேட்டா கார்டுகளுக்கு, அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவினால் சிலருக்கு லேப்டாப்பே செத்துப்போகிறது என்று புகார். மூன்று வாரம் உருவி உருவிப் பார்த்தோம். எங்களிடம் லேப்டாப் ஒருமுறைகூடச் செத்துப்போகவில்லை.

ஒரு ஞாயிறு காலை, கொண்டாப்பூர் வீட்டில் அதே வேலையோடு உட்கார்ந்திருந்தேன். என் கணவருக்கும் ஐ.டி. வேலைதான். கல்யாணமான இரண்டு வருடத்தில் மூன்று முறை கை நீட்டியிருந்தார்.

"லீவு நாள்லயும் இதுதானா? டிபன் எங்கடி?"

"இதோ, மூடிட்டு வரேங்க."

இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்தினேன். அதே நொடியில் கார்டைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். அடுத்து என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தேன். வயிற்றில் மிதித்தார். வாயெல்லாம் ரத்தம் கரித்தது.

எழுந்தபோது திரை முழுக்க நீலம், அதில் வெள்ளை எழுத்தில் பிழை விவரம். செல்போனில் படம் எடுத்தேன்.

"அடி வாங்கிட்டு போட்டோ வேறயா?" முடியைப் பிடித்து என் நெற்றியை மேஜையில் மோதினார்.

மறுநாள் அந்தப் படத்தை என் டீம் லீடிடம் காட்டினேன். அவர் சென்னைக்காரப் பெண்மணி. படத்தைப் பார்த்தார், பிறகு என் உதட்டைப் பார்த்தார்.

"எப்படிம்மா மாட்டிச்சு?"

"நான் டிஸ்கனெக்ட் பண்றப்போ வீட்டுக்காரர் பிடுங்கிட்டார் மேடம். அப்புறம் அடிச்சார்." முதல் முறையாக வெளியே சொன்னேன்.

"இன்னிக்கு அங்க போகாதே. எங்கூட வா."

டிரைவரில் இருந்த தவறும் புரிந்துவிட்டது. நாங்கள் டவுன்லோடு நடக்கும்போதுதான் உருவியிருந்தோம். இணைப்பை மூடும்போது உருவியதே இல்லை. மூடச் சொல்லி, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் போன அழைப்பு முடிவதற்குள் கார்டு போனதும், டிரைவர் அதற்கான நினைவகத்தை விடுவித்துவிட்டது. அந்த அழைப்பு அதே இடத்தைத் தொட, எல்லாம் சரிந்தது. உள்ளே போன அழைப்புகளை எண்ணி, கடைசி அழைப்பும் வெளியேறிய பிறகே நினைவகத்தை விடுவிக்கும்படி மாற்றினேன். புதிதாக வரும் அழைப்புகளுக்குக் கார்டு இல்லை என்று பதில். பிறகு எப்படிப் பிடுங்கினாலும் லேப்டாப் சாகவில்லை.

அந்த வாரமே ஒரு மாலை, கணவர் அலுவலக வாசலில் நின்று என் மணிக்கட்டை முறுக்கினார். காவலாளி "நக்கோ சாப், சோடோ!" என்று, விடச் சொல்லிக் கத்தியபடி ஓடி வருவதற்குள், ரத்தம் வரக் கணவரின் கையைக் கடித்துவிட்டேன். அலறினார்.

லீட் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். "ஃபேமிலி மேட்டர்தானே, பேசித் தீர்த்துக்கலாமே" என்றார் அங்கிருந்த போலீஸ்காரர்.

"ராசுகோண்டி சார்" என்று தெலுங்கிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லி, மேஜையில் இருந்த காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். புகாரை எழுதிக்கொண்டார்.