அத்தை கட்டிய பெல்ட்

பித்தப்பையைக் கல்லோடு சேர்த்து எடுத்துவிட்டு, வயிற்றில் நான்கு சின்னப் பிளாஸ்திரிகளோடு மூன்றாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே அகலமான எலாஸ்டிக் பெல்ட் ஒன்று. எழுந்து நடக்கும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குத் தாங்கலாக இருக்குமாம். கிளம்பும் அவசரத்தில் நர்ஸ் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை.

வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள இருந்தவர் என் மாமியார். கணவர் விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு கொண்டுபோனால் மதியத்துக்கு மேல்தான் வருவார். அதுவரை அத்தையும் நானும் மட்டும். ஆபரேஷனைவிட எனக்கு இதுதான் பயம். கல்யாணமாகிப் பதினொரு வருடம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அத்தை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாதவர் மனதில் என்னென்ன இருக்குமோ என்று நானாகவே கற்பனை செய்துகொள்வேன். ஸ்கூல் வேலையைச் சாக்கு வைத்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவரோடு தனியாக உட்காராமல் இத்தனை வருடம் தப்பித்தவள் நான்.

பெல்ட்டைக் கண்டதும் அத்தைக்குக் கை பரபரத்தது. பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவதில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை. இரண்டு மகள்களுக்கும் மூத்த மருமகளுக்கும் பழைய சேலையைச் சுற்றிக் கட்டி எழுப்பி நடக்கவிட்டவர்.

"கைய எடு, நான் கட்டுறேன். இறுக்கிக் கட்டலேன்னா வயித்துக்குள்ள காத்து ஏறிரும் தாயி" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆபரேஷனே காத்து அடிச்சுத்தான் செய்வாங்களாம் அத்தை. அதான் தோள்பட்டை வலிக்குது" என்று சொல்லித் தொலைத்தேன். டாக்டரே தன் கட்சி என்றாகிவிட்டது அவருக்கு. இன்னும் ஓர் இழுப்பு இழுத்து ஒட்டினார்.

நான்கு நாட்கள் இரவும் பகலும் அந்தக் கட்டோடு கிடந்தேன். மூச்சு மேலோடு நின்றது. ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. வேர்வையில் விலாவெல்லாம் அரித்துச் சிவந்தது. ஹெட்மாஸ்டரையே எதிர்த்துப் பேசுகிறவள், இவரிடம் வலிக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால், 'இதுக்கே இப்படியா, புள்ள பெத்தவளுகளே பொறுத்துக்கிறாளுக' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் தாங்க முடியாது.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் செக்கப்பில் பெல்ட்டைப் பிரித்த நர்ஸ் முகம் சுளித்தார்.

"யாரும்மா இம்புட்டு இறுக்கிக் கட்டுனது? மூச்சு விட வேணாமா? ரெண்டு விரல் உள்ள போகணும். நடக்கையில போட்டுக்கங்க, படுக்கையில கழட்டிருங்க."

அத்தை, "நான்தாம்மா" என்றார். ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் குளிர்ந்ததும் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் தன் பீரோவைத் திறந்து பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து வந்தார். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது.

"அரிக்குதுல்ல. இத உள்ள வச்சுக் கட்டுவோம்" என்றார்.

சேலையை நாலாக மடித்து என் வயிற்றில் சுற்றி, அதன் மேல் பெல்ட்டைத் தளர்வாக ஒட்டினார். இரண்டு விரல்களை உள்ளே விட்டுப் பார்த்தார். நான்கு நாட்களுக்குப் பிறகு முழு மூச்சு வாங்கினேன்.

"யார் சேலை அத்தை?"

"உனக்குன்னு எடுத்து வச்சது. நீ வாக்கப்பட்டு வந்த வருசமே வச்சேன். வருசா வருசம் துவைச்சு மடிச்சு வப்பேன்." விரல்களை இன்னும் எடுக்கவில்லை. "உன் வயித்துக்கு ஒருக்காவாச்சும் என் கையால கட்டணும்னு இருந்தேன். அதான் தாயி, கை அம்புட்டு இறுகிருச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழ அழத் தையல் இழுத்தது. அத்தை பெல்ட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்து என் வயிற்றைத் தாங்கிக்கொண்டார். அவரும்தான் அழுதார்.