ஒருவருக்கு மட்டும் பார்த்த இரத்தம்

அன்று வீட்டில் அம்மா இருந்தார், அக்கா இருந்தார், நான் இருந்தேன். அண்ணன் இல்லை, வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் வந்ததால் வயலில் நின்றார். எங்களைப் பெற்ற ஐயா இல்லை, முந்திய வருசம், நாற்பத்தொன்பது வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயல் வரம்பில் குந்தியவர் பிறகு எழும்பவில்லை.

வட்டக்கச்சிக்குக் கிழமையில் ஒருநாள் வரும் டொக்டர் சொன்னதைப் பற்றித்தான் கதை. அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தவர், ஐயா எப்படிச் செத்தார் என்று கேட்டிருந்தார். சித்தப்பாவும் அப்படித்தான் என்று அம்மா சொன்னதும் பேனையை வைத்துவிட்டார்.

"பரம்பரையாய் வாற கொலஸ்ட்ரோலாய் இருக்கலாம். மூண்டு பிள்ளையளும் வவுனியாவுக்குப் போய், வெறுவயிற்றில ரத்தம் குடுத்துப் பாருங்கோ. இப்ப பிடிச்சா ஒரு குளிசையோட போயிடும். பிந்தினா வயலை வித்தும் காணாது. குதிக்காலுக்கு மேல நரம்பு தடிச்சிருந்தா அதுவும் ஒரு அடையாளம்."

வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவருக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். பஸ், பரிசோதனை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு எண்ணூறு ரூபா வரும் என்று கணக்குப் பார்த்தேன். கையில் இருந்தது விதைநெல்லுக் காசு.

"மூண்டு பேரும் போனா ஆர் பிணை நிக்கிறது?" என்றார் அம்மா.

வீட்டில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருத்தன்தான். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஒரு தாய் தகப்பன்ர ரத்தம்தானே. ஒராளுக்குப் பாத்தாக் காணும்" என்றேன்.

"அப்ப நான்தான் போகவேணும். இந்த வீட்டில குண்டு நான்தானே" என்று அக்கா சிரித்தார்.

சேற்றுக் காலோடு வந்த அண்ணனும் விடவில்லை. "ஓம், நெல்லுச் சாக்குப் போகட்டும். எனக்கு எங்க கொழுப்பு?"

"உனக்கு வாயிலதான்ரா."

அக்கா போய்வந்தார். எல்லாம் அளவாக இருந்தது. ரிப்போட்டை நான்தான் சத்தமாக வாசித்தேன். அம்மா அன்றைக்கு ஆட்டிறைச்சி காய்ச்சினார்.

அடுத்த கிழமை ரிப்போட்டோடு தனியே டொக்டரிடம் போனேன்.

"மற்ற ரெண்டு பேர்?"

நான் விளக்கம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "ஒரு பிள்ளைக்கு வரும், மற்றதுக்கு வராது. அக்காவின்ர ரத்தம் அக்காவுக்கு மட்டும்தான், தம்பி."

பிழை விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அறுவடை முடியட்டும் என்று இருந்தேன். ஒரு அறுவடை போய் அடுத்ததும் போனது. பிறகு சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

ஒருநாள் வாய்க்காலில் அண்ணன் கால் கழுவும்போது பார்த்தேன். இரண்டு குதிக்காலுக்கு மேலும் நரம்பு விரல் தடிப்பில் புடைத்திருந்தது.

"என்னடா, என்ர காலைக் கும்பிடப் போறியே?"

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "வரம்பில நடக்கிறவனுக்குக் கால் தடிக்காமல் என்னடா செய்யும்?" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பாஸுக்கு அலைந்தேன். கடுமையான நோயாளி என்றால் மட்டும் வெளியே விடுவார்கள். அதற்கு டொக்டரின் கடிதம் வேண்டும். கடிதம் எழுத ரிப்போட் வேண்டும். ரிப்போட் எடுக்க வெளியே போக வேண்டும். மாதாமாதம் பாஸ் அலுவலகத்தின் அதே வாங்கில் குந்தியிருந்து அதே பதிலைக் கேட்டேன். ரிப்போட் இல்லாமலே குளிசை எழுதித் தருகிறேன் என்றார் டொக்டர். எந்தக் கடையிலும் குளிசை இல்லை. ராத்திரியில் என் குதிக்காலைத் தடவிப் பார்ப்பேன். தடித்திருக்கிறதா, பயமா என்று தெரியாது.

அண்ணனுக்கு முப்பது வயதில் அது வந்தது. வயலில் விழுந்தவரை மண்ணெண்ணெயில் ஓடும் உழவு மெசினில் போட்டுத் தர்மபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பினார். இப்போது காட்டுவதற்கு ஈசிஜி இருந்தது. இரண்டு வருசமாகக் கிடைக்காத கடிதம் இரண்டு நாளில் கிடைத்தது. அக்கா துணைக்குப் போனார். பிணை நான். அண்ணன் திரும்பி வரும்வரை என் இரத்தத்தைப் பார்க்கவும் நான் வெளியேற முடியாது.

இதயக் குழாய்க்கு வைக்கிற கம்பிவலையை நாங்களே வாங்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து அக்கா அறிவித்தார். வயலில் ஒன்றரை ஏக்கரையும் உழவு மெசினையும் விற்றேன். அக்கா சங்கிலியைக் கழற்றினார். அண்ணன் இனி மண்வெட்டி பிடிக்கக் கூடாதாம். மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபா. அன்று இரண்டு பேரை மறித்து நான் மிச்சம் பிடித்தது ஆயிரத்து அறுநூறு.