வீட்டில் காலேஜ் பேச்சு எடுக்காதீர்கள்

பன்னிரண்டாவது முடித்த பிள்ளைக்கு, அப்பாவால் ஃபீஸ் கட்ட முடிகிற இன்ஜினியரிங் காலேஜைப் பிடிக்க வைப்பதுதான் என் பிழைப்பு.

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து இறங்கி வந்தால், ஜெராக்ஸ் கடைக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரு ஷட்டர் அகலத்துக்கு என் கடை. 'அட்மிஷன் ஆலோசனை, ஆன்லைன் ஃபார்ம்' என்று போர்டில் மூன்று மொழியில் எழுதியிருக்கும். ஃபார்ம் நிரப்ப நான் தேவையில்லை, அதைப் பிள்ளைகளே மொபைலில் செய்துவிடுவார்கள். அதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலைக்குத்தான் என்னிடம் வருகிறார்கள். அந்த வயசுப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் உங்கள் வீட்டில் கதவு எப்படிச் சாத்தப்படுகிறது, சாப்பாட்டுத் தட்டு எப்படி நகர்த்தப்படுகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

விதி பிறந்த கதை

நான் முதலில் கோச்சிங் கிளாஸில் கணக்கு டீச்சர். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் பேசினேன். பத்தாவது நிமிஷம் மூவரும் சேர்ந்து கத்துவார்கள். பக்கத்து மொபைல் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு பேங்க் ஆபீசர் வந்தார், செம்பூர்க்காரர். பையனிடம் தினமும் சாயங்காலம் ஃபீஸ் கணக்கையே பேசியிருக்கிறார். பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான். கடைசி நாளில் மொபைலிலேயே ஃபார்மைத் திறந்து, மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் ஏதோ ஒரு காலேஜை முதல் விருப்பமாகப் போட்டுவிட்டான். அந்த ஊரின் பெயரை அப்பாவும் கேள்விப்பட்டதில்லை, அவனும் கேள்விப்பட்டதில்லை. இடமும் கிடைத்துவிட்டது. பையனை ரயிலேற்றிவிட்டு நேராக என் கடைக்கு வந்து உட்கார்ந்தவர் சொன்னார்: "வைஃபை பாஸ்வேர்ட் கேக்கறதுக்காவது என்னண்ட வாயைத் திறப்பான், மேடம். இப்ப ஹாஸ்டல்லயே வைஃபை இருக்காம்."

அன்றைக்கு ஒரு விதி போட்டேன். பெற்றோரைத் தனியாகப் பார்ப்பேன், பிள்ளையைத் தனியாகப் பார்ப்பேன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே டீக்கடையில் இருக்க வேண்டும். முக்கியமான விதி இது: ஃபார்ம் நிரப்பும் நாள் வரைக்கும் வீட்டில் காலேஜ் பேச்சே எடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையன் எங்கே சேர்ந்தான் என்றுகூடச் சொல்லக் கூடாது. நம்ப மாட்டீர்கள், பிரமாதமாக வேலை செய்தது. வீடுகளில் சண்டை நின்றது. தேவ்நாரிலிருந்தும் தாராவியிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, ஒப்புக்கொள்கிறேன்.

இசக்கி என்கிற இஷா

சுடலைமுத்து அப்படித் தேடி வந்தவர்தான். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு பத்துக்குப் பத்து பட்டறை. அதில் ஒரே ஒரு மெஷின். இனிப்புக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி வெட்டும் மெஷின். அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. அதையும் அந்த மெஷின்தான் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்.

ஒரே பெண். பெயர் இசக்கியம்மாள். நான் பெயரை எழுதும்போது, "ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இஷான்னு சொல்லிப்பேன், ஆன்ட்டி" என்று திருத்தினாள். நல்ல மார்க். அரசுப் பல்கலைக்கழகத்தின் இன்ஜினியரிங் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் நிச்சயமாகக் கிடைக்கும். அந்த ஃபீஸை அவர் எதையும் விற்காமல் கட்டிவிடலாம். ஆனால் இஷா பார்த்து வைத்திருந்தது நவி மும்பையில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். முழுக்கக் கண்ணாடிக் கட்டடம், வெளியே தெரிகிற லிஃப்ட், கீழ்த்தளத்தில் காபி ஷாப். அங்கே ஒரு வருஷ ஃபீஸ் எவ்வளவு என்று நான் சொன்னதும் சுடலைமுத்து தண்ணீர் கேட்டார்.

வழக்கமான பகட்டு ஆசை என்று நினைத்து, அவளைத் தனியாக உட்கார வைத்துக் கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன், கண்ணாடியில் என்ன படிக்கப் போகிறாய் என்று. அவள் கோபப்படவில்லை. "எங்க வீட்டுக்கு நான் ஃப்ரெண்ட்ஸ யாரையும் கூட்டிட்டு வந்ததே இல்ல, ஆன்ட்டி. காலேஜாச்சும் காட்டற மாதிரி இருக்கட்டுமே."

பின்வாசல்

என் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. அரசுக் காலேஜுக்குப் பிள்ளைகளை ஒருபோதும் முன்வாசல் வழியாக அழைத்துப் போகக் கூடாது. முன்பக்கம் ஆபீஸ் கட்டடம். உதிர்ந்த பெயின்ட், போன வருஷத்து நோட்டீஸ், எப்போது போனாலும் மூடியிருக்கிற கவுன்ட்டர். அதைப் பார்த்தால் பிள்ளை அங்கேயே திரும்பிவிடும். பின்வாசலில் நுழைந்தால் மரங்கள் இருக்கும், கேன்டீன் இருக்கும், சிரித்துக்கொண்டு நிற்கிற மாணவர்கள் இருப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டில் எந்தப் பக்கத்தைக் காட்டுவோம், அதே கதைதான்.

இஷாவையும் அப்படித்தான் அழைத்துப் போனேன். கேன்டீனில் வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன். அவள் மொபைலை எடுக்கவே இல்லை. அது கெட்ட சகுனம், பிடித்த இடத்தில் பிள்ளைகள் போட்டோ எடுக்காமல் இருக்க மாட்டார்கள். வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஃபேன் ஒன்று கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னாள்: "க்யா ஆன்ட்டி, இங்க ஃபேனே சீனியர் சிட்டிசனா இருக்கு."

பெல்ட் சத்தம்

திரும்பி வரும் வழியில்தான் அது நடந்தது. பின்பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நாலைந்து மாணவர்கள் ஒரு சின்ன மெஷினைச் சுற்றி உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். மோட்டார் ஓடுகிறது, ஆனால் வெட்ட வேண்டிய பிளேடு பாதியில் நிற்கிறது. மோட்டாரை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இஷா வாசலிலேயே நின்றாள். காதைச் சாய்த்தாள். "மோட்டார் டீக் ஹை, பெல்ட் டீலா ஹை" என்றாள். மோட்டார் சரியாக இருக்கிறது, பெல்ட்தான் தளர்ந்திருக்கிறது என்று. அவர்கள் சிரித்தார்கள். அவள் உள்ளே போய், பெல்ட்டை விரலால் அழுத்திக் காட்டினாள். இறுக்கிப் பார்த்தார்கள். பிளேடு முழுசாக இறங்கியது.

பட்டறைச் சத்தத்தில் வளர்ந்த பெண்ணுக்கு அது பெரிய வித்தை இல்லை. ஆனால் அவளை யாரும் அதற்காக மரியாதையாகப் பார்த்தது அதுவே முதல் தடவை. இரண்டு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. நான் கேன்டீனில் மூன்று டீ குடித்தேன். அடுத்த வாரத்தில், என் கடைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவளாகவே இரண்டு தடவை அங்கே போய்விட்டு வந்தாள். பிறகு ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அப்பாவின் மெஷினைப் பென்சிலால் வரைந்திருந்தாள். கை உள்ளே இருந்தால் பிளேடு இறங்காமல் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார். "அங்க ஃபர்ஸ்ட் இயர்லயே ப்ராஜெக்ட் செய்ய விடுவாங்களாம். கண்ணாடி காலேஜ் வேண்டாம், ஆன்ட்டி. அப்பாட்ட ஃபார்ம் அன்னைக்கு நானே சொல்றேன், நீங்க சொல்லிராதீங்க."

சிரிக்காத பத்து நாள்

சொல்லவில்லை. விதி விதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த நோட்டைப் பார்க்கும்போது சுடலைமுத்துவின் முகம் எப்படி மாறும் என்று என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டேன். இத்தனை வருஷத்தில் அரசுக் காலேஜைச் சகித்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் ஆசைப்பட்ட பிள்ளையை அப்போதுதான் பார்த்தேன்.

நடுவில் ஒரு நாள் சுடலைமுத்து வந்தார். பெண்ணைப் பற்றிக் கேட்டார். வேலை நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் மட்டும் பேச்சை எடுத்துவிடாதீர்கள் என்றேன். தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்தால் ரகசியம் வெளியே வந்துவிடும் என்று அவள் வீட்டில் உம்மென்று இருந்திருக்கிறாள். அவருக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை, அடுத்த கஸ்டமர் டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரி நான் ஒண்ணும் கேக்கல, டீச்சர். ஆனா பிள்ள சிரிச்சுப் பத்து நாளாச்சு."

ஃபார்ம் நாள்

அன்றைக்கு இஷா முதலிலேயே வந்துவிட்டாள். நோட்டு மடியில். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டரில் ஃபார்மைத் திறந்து வைத்தேன். சுடலைமுத்து சலவைச் சட்டையில் வந்தார். கையில் ஒரு இனிப்புப் பெட்டி. மேஜை மேல் பெட்டியை வைத்து, அதன் மேல் ஒரு ரசீதை வைத்தார். கண்ணாடிக் கட்டடத்தின் ரசீது. முதல் வருஷ ஃபீஸ், இசக்கியம்மாள் பெயரில்.

"ஏட்டி, நீ ஆசப்பட்டது. இனி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிடாத" என்றார். இஷா ரசீதைப் பார்த்தாள். எப்படிப்பா என்று கேட்டாள். மெஷினைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார், வாங்கினவன் முந்தாநாளே டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இந்தப் பெட்டிதான் அதில் கடைசியாக வெட்டியது. கட்டிய பணம் திரும்பாது என்று ரசீதின் அடியில் அச்சடித்திருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். இஷா நோட்டை மெதுவாகப் பைக்குள் தள்ளினாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

அவர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ சொல்ல வெளியே போனார். இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன், முதல் வருஷப் பணம் போனால் போகட்டும், மீதி மூன்று வருஷமாவது தப்பிக்கும் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெஷினே போயிட்டு, ஆன்ட்டி. இப்பப் போயி எனக்கு அது வேண்டாம்னு சொன்னா அப்பா எத நெனச்சு மனசத் தேத்திக்குவாரு? எப்பவுமே சொல்லிராதீங்க."

உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கக் கூடாது. என் வயதுக்கும் அனுபவத்துக்கும் அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணின் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் டீ கிளாஸோடு முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். திறந்து வைத்திருந்த ஃபார்மை மூடினேன். என் கட்டணத்தை வாங்கவில்லை. அவர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்.

சிபாரிசு

இஷா இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். அந்தக் காலேஜையும் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை ஸ்டேஷனில் பார்த்தபோது, அங்கே லேப் பளபளவென்று இருக்கிறதாம், எதையும் கழற்றிப் பார்க்க மட்டும் விட மாட்டார்களாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த நோட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. சுடலைமுத்து நாலு சந்து தள்ளி இன்னொருவர் பட்டறையில் வேலை செய்கிறார். அதே மாதிரி பெட்டி வெட்டும் மெஷின்தான், முதலாளி மட்டும் வேறு. அதிலும் கை உள்ளே இருந்தால் தானாக நிற்கிற வசதி கிடையாது.

போன மாதம் அவர் தன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் ஒரு பெண், அவளும் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். இரண்டு பேரும் என் எதிரே உட்கார்ந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சுடலைமுத்தே என் விதியை அவருக்கு விளக்க ஆரம்பித்தார், விரல் நுனி இல்லாத கையை ஆட்டி ஆட்டி. "டீச்சர் சொல்லுதபடி கேளுங்க. வீட்டுல வாயவே தொறக்காதீங்க. நான் ஒரு வார்த்த கேக்கல, பிள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தானாத் தெரிஞ்சிட்டுல்லா!"

அன்றிலிருந்து என் கடையில் இரண்டு நாற்காலிகளையும் எதிரெதிராகப் போட்டு, அப்பாவையும் பிள்ளையையும் உட்கார வைத்து, பேசி முடிக்கும் வரை நான்தான் வெளியே டீக்கடையில் காத்திருக்கிறேன்.